கொல்லை மேட்டில் நூல் ஓரம் கட்டிய பொந்துகள்: வெந்நீர் ஊற்றுவதா, விட்டுவிடுவதா?

வாழைக்கொல்லை, முடோன்
சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

பர்மாவில், முடோனில் எங்கள் கொல்லையில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. போன வருஷம் கக்கூஸ் தொட்டிக்குக் குழி எடுத்தபோது மேட்டின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டுச் சுவரில் இப்போது பொந்துகள். எண்ணினேன், ஒன்பது. பெரியது என் கட்டைவிரல் நுழையும் அளவு, சின்னது பென்சில் அளவு. எலி வளை என்றால் வாயில் மண் சரிந்து கிடக்கும். இங்கே ஒரு பொடி மண் கிடையாது. வாயைச் சுற்றி வெள்ளையாக நூல் படிந்திருக்கிறது, புடவைக்கு ஓரம் அடித்த மாதிரி. அப்படி ஒரு சுத்தம்.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய பொந்தின் வாயில் நாலு கால் நுனி மட்டும் தெரிந்தது. சாம்பலும் பழுப்புமாக, மயிர் அடர்ந்த கால்கள். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மெல்ல நீட்டினேன். பயந்து உள்ளே போகும் என்று நினைத்தால், முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஈர்க்கில் 'டிக்' என்று பல் பட்டது என் விரலுக்குத் தெரிந்தது. கூடவே ஒரு சத்தம். காய்ந்த வாழைச்சருகை நகத்தால் சுரண்டினால் வருமே, அது. அப்புறம் ஆள் உள்ளே.

முழு உடம்பும் வெளியே தெரிந்தது ஒரே ஒரு சின்னதுக்குத்தான். காலை விரித்தால் டீ கிளாஸ் வாயை மூடும், அவ்வளவுதான்.

அப்பத்தா வெந்நீர் வைத்து ஊற்றச் சொல்கிறார். எட்டுக்கால் பூச்சி எச்சில் பட்டால் உடம்பெல்லாம் கொப்புளம் என்கிறார். வீட்டில் நாலு வயசுப் பெண் குழந்தை, விளையாடுவது கொட்டகைப் பக்கம்தான். எனக்கு ஊற்ற மனசு வரவில்லை. இது என்ன, ஆபத்தா? படம் மங்கல், மன்னிக்கவும்.


டீக்கடை பெஞ்சு, மோல்மேன்
சனி, இரவு 9.58

ஒன்பது பேரிடமும் வாடகை வாங்குங்கள் தம்பி. மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு அதைத் தொடாதீர்கள், வெந்நீர்தான் சிக்கனம். எங்கள் வீட்டில் எறும்புப் புற்றுக்கு அதுதான் வைத்தியம்.


பால்வெட்டு நாலு மணி, தன்பியூசயாட்
ஞாயிறு, காலை 10.15

வெந்நீர் வேண்டாம் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்.

பதினாறு வருஷமாக ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நானூறு மரம் சுற்றுகிறவன். தோட்டத்துப் பாதை ஓரச் சரிவில் இவர்களைப் பார்க்காத நாள் குறைவு. பொந்து வாயில் காலை நூல்மேல் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். லைட் பட்டால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் நான் ஒரு அடி அழுத்தி வைத்தால் போதும், அந்த அதிர்வுக்கே ஆள் மாயம். ஒருமுறை ஒரு வண்டு நடந்துவந்து நூல் ஓரத்தில் காலை வைத்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எப்போது பிடித்தது என்று சொல்ல முடியவில்லை. வண்டு இருந்தது, அப்புறம் இல்லை.

பொந்தை வைத்தே ஆளைச் சொல்லலாம். வறுத்துத் தின்கிறோமே பயிட், அந்தப் பெரிய சிள்வண்டு வாயைப் பொடிமண்ணால் அடைத்து வைக்கும், பக்கத்தில் மண் குவிந்திருக்கும். நண்டு என்றால் உருண்டை உருண்டையாகச் சேறு. எலி வளையில் உடம்பு உரசி வழவழப்பு. நூல் ஓரம் கட்டியிருந்தால் எட்டுக்கால்தான். பயிட் தோண்டப் போகிற பையன்கள் தவறி இதைத் தோண்டிவிட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் என்னை ஒன்றும் கடித்ததில்லை. நானும் எந்தப் பொந்திலும் கையை விட்டதில்லை.


ஓய்வுபெற்ற சயா, யாங்கோன்
ஞாயிறு, மாலை 4.30

படம் மங்கல்தான். ஆனால் தம்பி எழுத்தில் சொன்னதே போதுமான அளவு தெளிவாக இருக்கிறது. முப்பது வருஷம் விலங்கியல் நடத்திய சயா, அதாவது வாத்தியார், என்ற முறையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது டாரன்டுலாக் குடும்பம், தெரபோசிடே. உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இருப்பவற்றில் பல, வயிற்று மயிரைப் பின்னங்காலால் உதிர்த்து எதிரியின் கண்ணிலும் மூக்கிலும் படும்படி தூவும், பயங்கர அரிப்பு. நம் ஆசியாவின் இனங்களுக்கு அந்த ஆயுதம் கிடையாது. ஓடி ஒளிவது, வழியில்லை என்றால் கடிப்பது, இந்த இரண்டுதான் தெரியும். கண் எட்டு இருந்தும் பார்வை மந்தம். உலகத்தை அது அறிவதே நூலிலும் மண்ணிலும் வரும் அதிர்வால்தான். ஈர்க்கு நூலைத் தொட்டது, இரையோ எதிரியோ என்று யோசிக்க நேரமில்லாமல் பாய்ந்திருக்கிறது.

பர்மாவில் பொந்து தோண்டி வாழ்கிற டாரன்டுலாக்களில் இரண்டு கூட்டத்தை முதலில் நினைக்க வேண்டும். ஒன்று சைரியோபாகோபஸ். வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடும் நீலக்கால் சிலந்தி இந்தக் கூட்டம்தான், சைரியோபாகோபஸ் லிவிடஸ். பர்மாவும் தாய்லாந்தும் அதன் ஊர். 1996இல் ஆண்ட்ரூ ஸ்மித் அதற்குப் பெயர் வைத்தபோது ஹாப்லோபெல்மா என்ற பேரினத்தில் வைத்தார், பிறகு 2015இல் இடம் மாறியது. இன்னொன்று கைலோபிராக்கிஸ். தம்பி 'வாழைச்சருகைச் சுரண்டுவது போல' என்று எழுதினாரே, அந்த ஒரு வரியால் என் மனசு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. இவற்றின் தாடைக்கும் அதை ஒட்டிய உறுப்பின் அடிப்பகுதிக்கும் நடுவில் தடித்த மயிர்க்கொத்து உண்டு. இரண்டையும் உரசிச் சத்தம் எழுப்பும். 1870களில், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த வுட்-மேசன், அசாமில் கிடைத்த ஒரு சிலந்தி இப்படிச் சத்தமிடுவதை எழுதிவைத்தார். அந்த இனத்தின் பெயரே ஸ்ட்ரிடுலன்ஸ், கிறீச்சிடுவது என்று பொருள்.

இந்தப் பேரினத்தில் பர்மாவிலிருந்து மட்டும் அரை டஜன் இனங்களுக்குப் பெயர் உண்டு. பெரும்பாலும் சுவீடன்காரர் தோரெல் வைத்தவை. லியோனார்டோ ஃபேயா என்ற இத்தாலியர் 1885 முதல் 1889 வரை இங்கே அலைந்து சேகரித்து ஜெனோவாவுக்கு அனுப்பினார். நம் ஊர்ப் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினாரே ஓட்ஸ், அவர் பிடித்த சிலந்திகள் லண்டன் போயின. அவற்றை வைத்துத் தோரெல் 1895இல் பர்மாச் சிலந்திகளுக்கென்றே ஒரு பட்டியல் நூல் போட்டார். சாலை போட வந்த மனிதர் சிலந்தி பொறுக்கிச் சீசாவில் போட்டிருக்கிறார் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கொல்லையை அப்படிப் பார்த்திருக்கிறோம்?

சரி, தம்பிக்கு ஒரு கேள்வி. காலில் எங்காவது நீலம் தெரிந்ததா?


எல்லைக்காரன், மியவாடி
ஞாயிறு, இரவு 8.05

நீலம் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள். பெரிய பெண் சிலந்தி என்றால் ஆள் இருக்கிறது. சும்மா வெந்நீரில் போவதற்கு நாலு காசாவது பார்க்கலாம்.


நெறியாளர்
ஞாயிறு, இரவு 8.40

வாங்குவது விற்பது இங்கே வேண்டாம். முதல் எச்சரிக்கை.


தட்டோன் பையன்
திங்கள், காலை 7.10

சயா, நீலம் என்றால் உண்மையான நீலமா, இல்லை மயில் தோகை மாதிரியா? படத்தில் பார்த்தால் யாரோ பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது.


ஓய்வுபெற்ற சயா, யாங்கோன்
திங்கள், காலை 9.00

நல்ல கேள்வி. மயில் தோகை வகைதான், சாயம் கிடையாது. மயிருக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகள் ஒளியில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. 2015இல் வந்த ஓர் ஆய்வு, டாரன்டுலாக்களின் பரிணாமத்தில் நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று காட்டியது. அடுக்கின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறு, வருகிற நீலம் கிட்டத்தட்ட ஒன்றே. ஏன் என்பதற்கு இன்னும் ஒரே பதில் கிடையாது. நீலக்காலியில் நீலம் பெண்ணுக்குத்தான், முதிர்ந்த ஆண் வெண்கலப் பழுப்பு.

நம் பக்கத்து வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. தாய்லாந்தின் பங்ஙா மாநிலத்தில், சதுப்புக் காட்டு மரப்பொந்துகளிலும் மேட்டுக் காட்டிலும் மின்னும் நீல ஊதாவில் ஒரு கைலோபிராக்கிஸ். 2023இல்தான் அறிவியல் பெயர் பெற்றது, நடானிசாரம். பெயர் சூட்டும் உரிமையை ஏலம் விட்டு, வந்த பணத்தை லாஹு மக்களுக்கு உதவத் திரட்டினார்கள். நம் ஷான் மலையிலும் இருக்கிறார்களே, அதே லாஹு. இதில் என்னை உறுத்துவது வேறு. அறிவியலுக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே அந்தச் சிலந்தி வளர்ப்புச் சந்தையில் விற்பனையாகிக்கொண்டிருந்தது.


வாழைக்கொல்லை, முடோன்
திங்கள், இரவு 9.20

நீலம் ஒரு துளிகூட இல்லை சயா. மாட்டுச் சாணி காய்ந்த நிறம். வயிற்றில் மட்டும் லேசாக மீன்முள் மாதிரிக் கோடு.

எல்லைக்காரன் அண்ணே, ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும்.


எல்லைக்காரன், மியவாடி
திங்கள், இரவு 11.30

ஏமாற்றம் ஒன்றுமில்லை தம்பி. நெறியாளர் அடித்தது சரிதான். ஆனால் எல்லோரும் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்பு கையில் காசு இல்லாத நேரம், ஆற்றைத் தாண்டி ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே சின்னச் சின்ன மருந்து டப்பா, ஒவ்வொன்றிலும் ஈரத்துணி, ஒரு சிலந்தி. மூடியில் ஊசியால் ஓட்டை. நல்ல சித்திரை வெயில். வாங்க வேண்டியவர் வரவில்லை, ஒரு நாள் முழுக்க லைன்கார் என்கிற பயணி வண்டி நிற்கிற ஷெட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் அவர் வந்து ஒவ்வொரு டப்பாவாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டினால் கால் அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் இன்னொரு பக்கம். அசையாத பக்கம்தான் பெரிதாக இருந்தது. எனக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் தூக்கவில்லை. ஆளைத் தெரியும் என்று எழுதியது பழைய வாய்க்கொழுப்பு.


பால்வெட்டு நாலு மணி, தன்பியூசயாட்
செவ்வாய், காலை 11.00

இதை எழுதியதற்கு நன்றி அண்ணே.

எங்கள் தோட்டத்திலும் ஒரு கூட்டம் வந்து ஒரு சரிவு முழுக்கத் தோண்டிப் போனது. மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, அந்தச் சரிவில் ஒரு பொந்தும் திரும்ப வரவில்லை. இருபது அடி தள்ளி அடுத்த சரிவில் இருக்கிறது, இங்கே வரமாட்டேன் என்கிறது. ஏன் சயா?


ஓய்வுபெற்ற சயா, யாங்கோன்
செவ்வாய், மாலை 5.15

இவை ஊர் சுற்றாத ஜாதி. சாதாரணச் சிலந்திக் குஞ்சுகள் பல, நூலை விட்டுக் காற்றில் மிதந்து ஊர் தாண்டும். டாரன்டுலாக் குஞ்சு பெரும்பாலும் தாயின் பொந்திலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே தன் பொந்தைத் தொடங்கிவிடும். முடோன் தம்பியின் சுவரில் கட்டைவிரல் அளவும் பென்சில் அளவும் பக்கம் பக்கமாக இருப்பது அதனால்தான், தாயும் பிள்ளைகளுமாக இருக்க வாய்ப்பு அதிகம். பெண் ஒரே பொந்தில் பல வருஷம் கிடக்கும், வளர வளரப் பொந்தை அகலப்படுத்திக்கொள்ளும். ஆண் முதிர்ந்ததும் பொந்தை விட்டுக் கிளம்பித் துணை தேடி அலைந்து சில மாதங்களில் செத்துவிடும். வீட்டுக்குள் ஒன்று நுழைந்து அலறல் கேட்டால் பெரும்பாலும் அப்படி அலையும் ஆண்தான். ஒரு சரிவின் பெண்களையெல்லாம் எடுத்துவிட்டால் அந்தச் சரிவு காலிதான்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மரத்தில் வாழும் பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கண்ணைக் கவரும் நிறம் என்பதால் உலகம் அதைக் கவனித்தது. சாணி நிறத்துக்கு யார் மனு போடுவார்கள்?


வெள்ளை உடுப்பு, மோல்மேன்
செவ்வாய், இரவு 10.00

மருத்துவமனையில் இருபது வருஷம் நர்ஸாக இருப்பவள். கடி பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான மருத்துவப் பதிவு கிடையாது. ஆனால் ஆசிய இனங்களின் கடி லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். கடுமையான வலி, வீக்கம், சிலருக்குத் தசை இழுப்பு, அது ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். இதற்கென்று தனி மாற்றுமருந்து இல்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், வீங்குவதற்கு முன் மோதிரம் வளையலைக் கழற்றுங்கள், வலி மருந்து, டெட்டனஸ் ஊசி. கீறி ரத்தம் எடுப்பது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு அப்புவது எதுவும் கூடாது. இழுப்போ மூச்சு முட்டலோ வந்தால், குழந்தை என்றால் எதுவும் வராவிட்டாலும், மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

அப்பத்தா சொல்லும் கொப்புளத்தைப் பற்றி. காலையில் எழுந்ததும் கழுத்தில் கோடு போட்ட மாதிரி வெந்து கொப்புளம், 'எட்டுக்கால் மூத்திரம் பெய்துவிட்டது' என்று வருவார்கள். மழைக்காலத்தில் அடிக்கடி பார்ப்பேன். அது பெரும்பாலும் சிலந்தியே இல்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சின்ன வண்டு ஒன்று, எறும்பு போல நீளமாக ஆரஞ்சும் கருப்புமாக இருக்கும். அதைத் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் வெந்துபோகும். பழி காலங்காலமாகச் சிலந்தி தலையில்.

பொந்து என்றாலே என் கவலை வேறு. நம் நாட்டில் வயலிலும் வரப்பிலும் ஆளைக் கொல்வது கண்ணாடி விரியன். கடித்தால் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். அதற்காகவாவது குழந்தைக்கு எந்தப் பொந்திலும் விரல் விடக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.


வியாசர்பாடி பர்மாக்காரி, சென்னை
புதன், காலை 6.30

படிக்கப் படிக்க அம்மா ஞாபகம். அறுபதுகளில் கப்பலில் வந்து இறங்கிய குடும்பம் நாங்கள். இன்றைக்கும் சாயங்காலம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், கடை போடுகிறேன். அம்மா பர்மாவில் எட்டுக்காலைப் பெரிது பெரிதாக வறுத்துத் தட்டில் அடுக்கி விற்பார்கள் என்று சொல்லிப் பயமுறுத்துவார். நிஜமா?


டீக்கடை பெஞ்சு, மோல்மேன்
புதன், காலை 7.45

அம்மா பார்த்தது பயிட்டாக இருக்கும் அக்கா. தட்டில் அடுக்கி விற்கிற பெரிய சிலந்தி கம்போடியாவின் ஸ்குவோன் ஊர், பஸ் நிற்கிற இடத்திலேயே கூடை கூடையாக. நான் தின்றதில்லை. பயிட் தின்றிருக்கிறேன், உப்பும் மிளகாயும் போட்டால் முறுக்கு மாதிரி. அத்தோ ஒரு தட்டு அனுப்பினால் மேலும் விவரம் தருவேன்.


வாழைக்கொல்லை, முடோன்
வெள்ளி, இரவு 10.50

கரண்ட் இல்லாததால் இரண்டு நாள் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை நான் டயர் மாற்ற மோல்மேன் போயிருந்தபோது அப்பத்தா வெந்நீர் ஊற்றிவிட்டார். மூன்று பொந்து. கீழே இருந்தவை, அவர் கைக்கு எட்டியவை. இரண்டில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதிலிருந்து ஒன்று வெளியே வந்து நாலு எட்டு நடந்து அப்படியே காலை உள்ளே மடக்கிக்கொண்டதாம். அதை ஒரு வாழை இலைத் துண்டில் எடுத்து வைத்திருந்தார், நான் வந்ததும் காட்டினார். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. 'நடந்துச்சுடா' என்றார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம். கத்த வாயெடுத்தேன். அவரே ஆரம்பித்தார். அவருக்கு எட்டு வயசில், பெகு பக்கம் வயலில், அவருடைய அண்ணன் நண்டுப் பொந்து என்று கையை விட்டிருக்கிறான். விரியன். மூன்றாம் நாள் மூத்திரம் நின்று போய்விட்டான். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

அப்புறம் நான் என்ன கத்துவது.

செத்ததைக் குழந்தையின் ஸ்கேலில் வைத்து அளந்தேன். உடம்பு மூன்று செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திருப்பிப் போட்டால் இரண்டு பல்லும் கருப்பாக, பூனை நகம் மாதிரி கீழ்நோக்கி வளைந்து, சுற்றிலும் செம்மயிர். பக்கத்துத் தங்கப் பட்டறையில் கண்ணில் வைக்கும் லென்ஸை வாங்கிவந்து சயா சொன்ன இடத்தைப் பார்த்தேன். வாயோரத்து உறுப்பின் உட்புறத்தில் சீப்புப் பல் மாதிரித் தடித்த மயிர்கள் கொத்தாக இருக்கின்றன. அதுதானே? கால் ஏன் சயா உள்ளே மடங்குகிறது?


ஓய்வுபெற்ற சயா, யாங்கோன்
சனி, காலை 8.20

அப்பத்தாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் தம்பி.

சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடம்பு நீரை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டும். சாகும்போது அந்த அழுத்தம் போகிறது, தசை இழுத்த பக்கம் கால் சுருண்டுவிடுகிறது.

மயிர்க்கொத்து அதுதான். கைலோபிராக்கிஸ் என்று கிட்டத்தட்டத் துணிந்து சொல்வேன். இனம் எது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். அதற்கு முதிர்ந்த பெண்ணையோ ஆணையோ நுண்நோக்கியில் வைத்து, தோரெல் காலத்து மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். மங்கலான கைபேசிப் படத்தை வைத்து முழுப் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள். உடலை ஒரு சீசாவில் சாராயம் ஊற்றிப் போட்டு, ஊர், தேதி, மண்மேடு என்று பென்சிலால் எழுதிய காகிதத்தையும் உள்ளேயே போட்டு மூடிவையுங்கள். ஓட்ஸ் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.


தட்டோன் பையன்
சனி, காலை 8.55

ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தால் என்ன? குழந்தைக்கும் பாதுகாப்பு, சிலந்திக்கும் பாதுகாப்பு.


பால்வெட்டு நாலு மணி, தன்பியூசயாட்
சனி, பகல் 12.40

தம்பி, பெட்டியில் போட்டாலும் ஒரு முழம் மண் போட்டால் அதற்குள் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். அப்புறம் நீ பார்க்கப்போவது மண்ணைத்தான். மண் போடாவிட்டால் மிரண்டு மூலை மூலையாக ஓடும். வெளியில் இருப்பதையே ராத்திரி டார்ச் அடித்துப் பார், காசு மிச்சம்.

வாழைக்கொல்லை அண்ணே, சுவரிலிருந்து நாலடி தள்ளி மூங்கில் பிளாச்சுவேலி போடுங்கள். குழந்தை உயரத்துக்கு இருந்தால் போதும். அவை பொந்தை விட்டு ரொம்ப தூரம் போகாது. மேட்டின் தலையில் தண்ணீர் வடிய ஒரு சின்ன வாய்க்கால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழையில் சுவரே சரிந்துவிடும்.


வாழைக்கொல்லை, முடோன்
ஞாயிறு, மாலை 6.10

வேலி போட்டாயிற்று. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து 'அந்தக் குச்சி கோணல், இந்தக் கட்டு லூசு' என்று மேற்பார்வை. மிச்சம் ஆறு பொந்து. குழந்தை வேலிக்கு வெளியே நின்று பொந்துகளுக்கு டாட்டா காட்டுகிறது.


வாழைக்கொல்லை, முடோன்
ஒன்பது வாரம் கழித்து, வியாழன், காலை 8.00

பழைய இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும்.

மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். மோல்மேன் பக்கம் வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டர் பெய்கிற ஊர், ஆடியில் துணி காயாது. வாய்க்கால் புண்ணியத்தில் சுவர் நின்றது. நடுவில் மூன்று வாரம் பெரிய பொந்தின் வாயை உள்ளிருந்து நூலால் மூடியிருந்தது. செத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

இன்று காலை அப்பத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் என்னைக் கூப்பிட்டார். பொந்துக்குக் கீழே, கசங்கிய கைக்குட்டை மாதிரி ஒரு சிலந்தி கிடந்தது. 'நான் ஒண்ணும் ஊத்தலைடா' என்றார் முதல் வார்த்தையாக. எடுத்தால் கனமே இல்லை. முதுகு ஓடு டப்பா மூடி மாதிரித் திறந்து கிடக்கிறது, உள்ளே வெறுமை. பல்லின் உறைகூட முழுசாக இருக்கிறது. சட்டையை உரித்து வெளியே தள்ளியிருக்கிறது சயா. பொந்தைப் பார்த்தேன், நூல் திறந்து, புதுசாக ஓரம் கட்டியிருக்கிறது.


ஓய்வுபெற்ற சயா, யாங்கோன்
வியாழன், காலை 8.45

தம்பி, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வயிற்றுத் தோல் சுருங்கிக் கிடக்கும். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, ஈர்க்கால் மெல்ல விரியுங்கள். உட்புறத்தில் வெளுத்த திட்டு நாலு தெரியும், நுரையீரலின் தடம். முன்னால் உள்ள இரண்டு திட்டுக்கும் நடுவில் லென்ஸை வைத்துப் பாருங்கள். இரண்டு சின்ன மொட்டு நிற்கிறதா? நின்றால் பெண்.


வாழைக்கொல்லை, முடோன்
வியாழன், பகல் 1.20

சாப்பாட்டுத் தட்டில் ஊறவைத்ததற்குத் திட்டு வாங்கினேன். விரித்துப் பார்த்தாயிற்று. இரண்டு மொட்டு இருக்கிறது, எள்ளை விடச் சின்னது.

அப்பத்தாவும் லென்ஸை வாங்கிக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். 'பொம்பளையா' என்றார். 'அப்ப குஞ்சு பொரிக்கும். வேலியை இன்னும் ரெண்டு முழம் தள்ளிப் போடு.'

மூங்கில் வெட்டப் போகிறேன்.